பைக்கு யார் காவல்?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

"மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை" என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. வழிப்பறிக் கள்வரை எண்ணிச் சொன்னது அது. அப்பழமொழிக்கு இந்நாளிலும் வேலை இருக்கிறது என்பதை நான் உணர்ந்த இடம் காடும் அல்ல, மலைப்பாதையும் அல்ல. ஒரு கேளிக்கைப் பூங்காவின் புங்க மரத்தடி.

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் தோழியர், "சோழர் கால நீர்ப்பாசனம் பற்றி எழுதேன்" என்றனர். அதை எழுத ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் இருக்கிறார். சுற்றுலா போன இடத்தில் பையை என்ன செய்வது, கையிலிருக்கும் செல்போனை எங்கே வைப்பது என்பது பற்றி நம் மலரில் எவரும் எழுதியதாக நான் பார்த்ததில்லை. இது ஒரு பொருளா என்று பேராசிரியப் பெருமக்கள் புன்னகைக்கலாம். சென்ற ஆண்டு நடந்ததைச் சொன்னால் அப்புன்னகை மாறும் என்று நம்புகிறேன்.

எங்கள் துறையிலிருந்து 42 பேர், இரண்டு பேராசிரியர்கள், ஒரு பேருந்து. காலையில் ஒரு கோட்டை, பிற்பகலில் ஒரு பூங்கா என்று திட்டம். கோட்டையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பூங்காவுக்கு ஓடினோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். துறைத்தலைவர் மன்னிக்க வேண்டும். பூங்காவின் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்ல வருவது ஒரு பூங்காவைப் பற்றிய புகார் அன்று.

உள்ளே நுழைந்ததும் லாக்கர் எங்கே என்று தேடினோம். ஒரு பெட்டிக்கு 150 ரூபாய். அதற்குமேல் சாவிக்கு 200 ரூபாய் முன்பணம். எங்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாணவியர்க்கும், 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்க்கும் வந்த மாதம் 1000 ரூபாயைச் சேர்த்துவைத்துத்தான் பலரும் சுற்றுலாக் கட்டணமே கட்டியிருந்தனர். அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை ஒரு தகரப் பெட்டிக்குக் கொடுப்பதா? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தனர்.

"கொஞ்சம் பாத்துக்கடி, அஞ்சே நிமிஷம்" என்று முதல் பை என் காலடியில் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் 39 பைகள் சேர்ந்தன. அவற்றின்மேல் செருப்புகள், சாப்பாட்டு டப்பாக்கள், மூக்குக் கண்ணாடிகள், ஒரு ஜோடி ஜிமிக்கி, கைக்குட்டையில் முடிந்த ஒரு மோதிரம். அந்த ஐந்து நிமிடம் மூன்றரை மணி நேரம் நீடித்தது. நானும் அவர்களைப் போலவே நுழைவுக் கட்டணம் கட்டியிருந்தேன். அன்று நான் ஏறியது இரண்டே இராட்டினங்களில்.

எனக்குத் துணையாக மரத்தடியில் அமர்ந்தவர் எங்கள் பேராசிரியை அம்மா. அவர்கள் சேலை கட்டியிருந்தார்கள். சேலை கட்டியவரை இன்னின்ன இராட்டினங்களில் ஏற்றுவதில்லை என்று வாயிலிலேயே சொல்லிவிட்டார்கள். காரணம் நியாயமானதே; முந்தானை சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும்? ஆனால் அதன் விளைவு என்ன என்று பாருங்கள். எங்களைச் சுற்றி அந்த மரத்தடியில் இருந்தவர்களை எண்ணினேன். பதினேழு பேர். பதினாறு பேர் பெண்கள். பதினான்கு பேர் சேலை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பைக் குவியல். ஒரு தாத்தா மட்டும் பேரனின் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"எத்தனை டூர் வந்திருக்கீங்கம்மா?" என்று கேட்டேன்.

"பதினொண்ணு இருக்கும்."

"எதுலயாவது ஏறியிருக்கீங்களா?"

"பைய யாரு பாத்துக்கறது?" என்றார்கள், சிரித்துக்கொண்டே.

அப்போதுதான் அது நடந்தது. எங்களுக்கு நேர் எதிரே தண்டவாளத்தில் ஓடும் இராட்டினம். ரோலர் கோஸ்டர் என்கிறார்களே அதுதான். மலையேறி இறங்குவதுபோல் ஏறி, குப்புற விழுந்து, வளைந்து, மரத்தடிக்கு அருகே தாழ்வாக வந்து, மீண்டும் ஏறும். எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் அதில் போய்வந்தான். இறங்கியதும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான், முகம் வெளுத்தது. செல்போன் இல்லை. வேலியோரம் ஓடி வந்து எட்டிப் பார்த்தான். புல்லில் அது கிடப்பது எங்களுக்கும் தெரிந்தது. பதினைந்து அடி தூரம் இருக்கும். வேலி நெஞ்சளவு உயரம். சுற்றும் முற்றும் பார்த்தான், தாண்டிவிட்டான்.

எங்கள் பேராசிரியை வகுப்பில் யாரையும் 'டா' போட்டு அழைத்ததில்லை. தம்பி, அம்மா என்றுதான் அழைப்பார்கள். அன்று, ஒலிபெருக்கி இல்லாமல் இருபத்தைந்து ஆண்டுகள் பெரிய வகுப்பறைகளில் பாடம் நடத்திய அந்தக் குரல் முழுவதும் ஒரே சொல்லாக வந்தது: "நில்லுடா!" அவன் நின்றான். பழக்கம்தான் அவனை நிறுத்தியது என்று நினைக்கிறேன். நின்ற அந்த நொடியில் அடுத்த வண்டி அவனுக்கு முன்னால் தாழ்ந்து போயிற்று. எத்தனை அடி இடைவெளி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் சட்டை காற்றில் உப்பியதைப் பார்த்தேன். வண்டியில் இருந்தவர்கள் கைகளை உயர்த்திக் கூவிக்கொண்டே போனார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

அவன் முட்டாள் அல்லன். வகுப்பில் முதல் மூன்று மதிப்பெண்களுக்குள் வருபவன். அந்தச் செல்போன் அவனுடையதும் அன்று, அவன் தந்தையுடையது. தவணையில் வாங்கியது, இன்னும் ஆறு தவணை பாக்கி. வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். கூலிப் பணம் வருவதும், ரேஷன் கடைச் செய்தி வருவதும், தங்கையின் பள்ளியிலிருந்து தகவல் வருவதும் அதில்தான். மகன் சுற்றுலா போகிறானே, படம் எடுக்கட்டும் என்று அந்தத் தந்தை இரண்டு நாளைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். வேலியைத் தாண்டும்போது அவன் கண்ணுக்குத் தெரிந்தது தந்தையின் முகம் மட்டுமே. எச்சரிக்கைப் பலகை அவன் கண்ணில் எப்படிப் படும்?

அந்தப் பலகையைப் பிறகு போய்ப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. பூங்காவின் தின்பண்டக் கடைகளில் விலைப்பட்டியல் தமிழில் இருந்தது. பணம் வாங்க நம் மொழி வேண்டியிருக்கிறது. உயிரைக் காக்கச் சொல்ல அது வேண்டியதில்லை போலும்!

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. 1998 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சாந்தா கிளாரா நகரப் பூங்கா ஒன்றில், ஸ்பானிய மொழி பேசும் இளைஞர் ஒருவர் தம் மனைவியின் தொப்பி விழுந்த இடத்திற்கு ஒரு வாயிற்கதவு வழியாகப் போனார். ஆங்கிலப் பலகையைப் படிக்க அவருக்குத் தெரியாது. வண்டியில் வந்த பயணி ஒருவரின் கால் அவர்மேல் மோதியது. அவர் இறந்தார், அப்பயணிக்குக் கால் முறிந்தது. 2008 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இரண்டு வேலிகளைத் தாண்டிப் போய் அதே வகையில் மாண்டான். தொப்பியை எடுக்கப் போனான் என்று அன்றைய செய்திகள் கூறின. 2015 ஆகஸ்டில் ஒஹையோ மாநிலத்தில் ஒருவர், தாம் இறங்கிய இராட்டினத்தில் தவறவிட்ட கைப்பேசியைத் தேடி வேலிக்குள் போய் உயிரிழந்தார். இம்மூன்று வண்டிகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை. தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும். பயணிகள் அதன்கீழ் ஊஞ்சலில்போல் கால்களைத் தொங்கவிட்டுப் போவார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தண்டவாளம் எட்டாத உயரத்தில் தெரியும். அதிலிருந்து எவ்வளவு கீழே மனிதக் கால்கள் வருகின்றன என்பது, வண்டி வரும்வரை தெரியாது. வெறும் புல்தரை, ஆள் இல்லை, தொப்பி கையெட்டும் தூரத்தில். யாருக்குத்தான் ஆசை வராது?

ஒரு தொப்பி, இன்னொரு தொப்பி, ஒரு கைப்பேசி. இறந்தவர்கள் எவரும் சாகசம் செய்யப் போனவர்கள் அல்லர். பொருளை எடுக்கப் போனவர்கள்.

பொருள் ஏன் விழுகிறது? இதை நான் பௌதிகத் துறைத் தோழியிடம் கேட்டேன். நியூட்டனின் முதல் விதிதான் என்றாள். 1687-ல் அச்சேறிய செய்தி. வண்டி உச்சியைத் தாண்டிச் சரேலென்று கீழே திரும்பும்போது, நம்மை இருக்கையோடு கட்டிய கம்பி நம்மையும் கீழே இழுத்துக்கொள்கிறது. சட்டைப்பையில் இருக்கும் பொருளை அப்படி இழுக்க எதுவும் இல்லை. அது தான் போய்க்கொண்டிருந்த வழியிலேயே போகிறது. 'பொருள் பையிலிருந்து மேலே பறந்தது' என்று நாம் சொல்கிறோம். உண்மையில் பைதான் பொருளை விட்டுவிட்டுக் கீழே போய்விட்டது. சட்டையின் மேற்பை அகலவாய் உடையது, மூடி இல்லாதது. நம் ஆடவர் அனைவரும் செல்போனை வைப்பதோ அங்கேதான்.

கணக்கும் போட்டுக் காட்டினாள். 30 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பத்து மாடி உயரத்திலிருந்து, ஒரு பொருள் விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 87 கிலோமீட்டர் வேகம் வரும். காற்றின் தடையைக் கழித்தால் சற்றுக் குறையும். கிரிக்கெட் பந்தின் எடை 160 கிராம் அளவு. இன்றைய கைப்பேசிகள் பல 200 கிராமை நெருங்குகின்றன. சுழற்பந்து வீச்சாளர் ஒருவர், பந்துக்குப் பதில் முனைகள் உள்ள ஒரு கண்ணாடிப் பலகையை, தலைக்கவசம் இல்லாத நம் தலையைப் பார்த்து வீசுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வண்டியின் சொந்த வேகம் இதனோடு சேரும். ஆகவே, "என் போன், விழுந்தால் எனக்குத்தானே நஷ்டம்" என்று பேசுவது தவறு. வரிசையில் நிற்கும் குழந்தையின் தலை நம்முடையது அன்று.

2019-ல் ஸ்பெயின் நாட்டுப் பூங்கா ஒன்றில், ஓடும் வண்டியில் இருந்தபடியே, முன்னால் இருந்தவர் தவறவிட்ட கைப்பேசியை நியூசிலாந்துக்காரர் ஒருவர் எட்டிப் பிடித்தார். அந்தப் படக்காட்சியை எங்கள் பேருந்தில் எல்லோரும் பார்த்தோம், கைதட்டினோம். பிடித்தவர் திறமையைப் பாராட்டலாம். அவர் பிடிக்காமல் விட்டிருந்தால் அது யார் முகத்தில் பட்டிருக்கும் என்று நாங்கள் எவரும் அப்போது எண்ணவில்லை.

வரலாற்று மாணவி என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்ள ஆசை. 1884-ல் நியூயார்க்கின் கோனி தீவில் ஓடிய தண்டவாள இராட்டினத்தின் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்குள்தான். கட்டணம் 5 செண்ட். நம் ஊர்ச் சைக்கிள் அதைவிட வேகமாகப் போகும். மடியில் காய்கறிப் பையோடு போய்வரலாம். 1893-ல் சிகாகோ கண்காட்சியில் பெர்ரிஸ் என்ற பொறியாளர் நிறுவிய இராட்சத ராட்டினம் 80 மீட்டர் உயரம். அதில் 36 அறைகள். ஒவ்வோர் அறையிலும் 60 பேர் இருக்கலாம். அதுவும் ஆடி அசைந்து சுற்றியது. பையைத் தரையில் வைத்துவிட்டு சன்னலோரம் நின்று ஏரியைப் பார்த்திருப்பார்கள். அந்தக் காலத்து இராட்டினத்துக்குப் பை ஒரு சிக்கலே அன்று. வேகம் பத்து மடங்கு ஏறிவிட்டது. வண்டி தலைகீழாகப் புரளக் கற்றுக்கொண்டது. நாம் மட்டும் நம் ஊர்த் திருவிழாத் தொட்டில் இராட்டினத்தில் ஏறும் அதே கோலத்தில், அதே சட்டைப்பையோடு, அதே துப்பட்டாவோடு போய் ஏறுகிறோம்.

துப்பட்டா என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடன மங்கை 1927-ல் பிரான்சின் நீஸ் நகரில், திறந்த காரில் போகும்போது கழுத்தில் சுற்றியிருந்த நீண்ட துகில் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அது நெடுந்தொலைவு என்றால், 2018 பிப்ரவரியில் அரியானாவின் பிஞ்சூரில், சிறு பந்தயக் கார் ஓட்டும் களத்தில் ஓர் இளம்பெண்ணின் கூந்தல் சக்கரத்தில் சிக்கி உயிர் போயிற்று. அவர் குடும்பத்தோடு பொழுதுபோக்க வந்தவர். நம் மாணவியர் பின்னலைப் பெருமையாக வளர்ப்பவர்கள், வளர்க்கட்டும். ஏறுமுன் கொண்டையாக முடிந்துகொள்வதில் என்ன குறைந்துவிடும்? துப்பட்டாவைக் கழற்றச் சொன்னால் நாணம் வருகிறது என்று சிலர் கூறினர். அந்த நாணத்தை நான் குறைகூற மாட்டேன். வீட்டிலிருந்து புறப்படும்போதே துப்பட்டா தேவைப்படாத உடையைத் தேர்ந்துகொள்ளலாம்.

நடந்ததற்கு வருகிறேன். வேலியருகே காக்கி நிறச் சட்டை அணிந்த பணியாளர் ஓடிவந்தார். முதலில் திட்டினார், திட்ட அவருக்கு உரிமை உண்டு. பிறகு அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "சாயங்காலம் வண்டிய நிறுத்தினப்புறம் நானே எடுத்துத் தரேன் தம்பி. தினமும் ரெண்டு செல்போனாவது விழும்" என்றார். தம் அறையிலிருந்த ஒரு கூடையைக் காட்டினார். அந்த வாரம் மட்டும் புல்லில் பொறுக்கியதாம். சாவிக் கொத்துகள், மூக்குக் கண்ணாடிகள், ஒற்றைச் செருப்புகள் ஏழெட்டு, ஒரு கொலுசு. அடியில், காகிதத்தில் சுற்றிய ஒரு பல்செட்! கேட்டு வர உரியவருக்கு வெட்கம் போலும். மாலை ஆறரைக்குச் செல்போன் கிடைத்தது. முகப்புக் கண்ணாடி நொறுங்கியிருந்தது, உயிர் இருந்தது. எங்கள் பேருந்து ஒன்றரை மணி நேரம் தாமதம். ஓட்டுநர் அண்ணன் வழி நெடுக முணுமுணுத்தார்.

அந்தப் பணியாளர் சொன்ன சொல்லை நான் அன்றிரவு முழுவதும் நினைத்தேன். தினமும் விழும் என்று தெரியும். விழுந்ததை எடுத்துத் தர வழியும் இருக்கிறது. ஆனால் அந்த வழி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. 'பொருள் விழுந்தால் பதறாதீர், மாலையில் நாங்களே எடுத்துத் தருவோம், இங்கே பெயரைப் பதியுங்கள்' என்று தமிழில் ஒரு பலகை இருந்திருந்தால் அவன் வேலியைத் தாண்டியிருக்க மாட்டான். 'உள்ளே வராதே' என்பது மட்டும் எச்சரிக்கை ஆகாது. பொருளை இழந்தவனுக்கு அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று சொல்ல வேண்டும்.

மற்றொரு பலகை மட்டும் எல்லா இடத்திலும் இருந்தது: 'பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.' இதைப் பார்த்தாலே நாம் வாயை மூடிக்கொள்கிறோம். சட்டக் கல்லூரியில் படிக்கும் என் பெரியப்பா மகனிடம் இதைக் கேட்டேன். நாமாகப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போன பைக்கு அவர்கள் பொறுப்பல்லர் என்பது சரிதான் என்றான். ஆனால் பொருளைக் கையில் வாங்கி, டோக்கன் கொடுத்து, தம் பாதுகாப்பில் வைத்துக்கொண்டால் நிலை வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவின்படி, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை, விவேகமுள்ள சாதாரண மனிதன் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும். 1998-ல் தில்லி நட்சத்திர விடுதி ஒன்றில், நிறுத்திவைக்கச் சொல்லிப் பணியாளரிடம் சாவி கொடுக்கப்பட்ட கார் களவு போயிற்று. 'உரிமையாளரின் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சிட்டிருந்ததை விடுதி காட்டியது. அந்த ஒரு வரியைக் காட்டித் தன் கவனக்குறைவுக்கு விடுதி தப்பிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார் போய் இருபத்தோராண்டு கழித்துக் கிடைத்த நீதி! ஒரு தோல்பைக்காக அவ்வளவு காலம் யார் காத்திருப்பார் என்று கேட்டால் பதில் இல்லைதான். இருந்தாலும், பலகையில் எழுதியதெல்லாம் சட்டம் ஆகிவிடாது என்று தெரிந்துகொள்வதில் ஒரு தெம்பு இருக்கிறது.

பொருளை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போவது தமிழர்க்குப் புதிய பழக்கமா? கோயில் வாசலில் செருப்பை விடுகிறோம். 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைப்பேசி கூடாது என்று உத்தரவிட்டது. உலகம் அழிந்துவிடும் என்று சிலர் அலறினர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் சிறு தொகை வாங்கிக்கொண்டு வைத்துக் கொடுக்கிறார்கள். டோக்கனைக் காட்டி வாங்கிக்கொள்கிறோம். கோயிலால் முடிவது, நுழைவுக் கட்டணமாகத் தலைக்கு நூற்றுக்கணக்கில் வாங்கும் பூங்காவால் முடியாதா? அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 2021-ல் திறந்த ஓர் இராட்டினத்தில் இருபுறமும் கதவுள்ள பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். ஏறும் வழியில் ஒரு பக்கம் வைத்தால், இறங்கும் வழியில் மறுபக்கம் எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. பையில் ஏதும் ஒளித்து எடுத்துப் போகாதபடி உலோகம் காட்டும் கருவியும் உண்டு. தாராள மனத்தால் அப்படிச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பொருள் விழுந்து வண்டியை நிறுத்தினால் வரும் நட்டத்தை அவர்கள் கணக்குப் பார்த்திருப்பார்கள். நம் பூங்காக்காரரும் அந்தக் கணக்கைப் போடட்டும். லாக்கருக்கு வாங்கும் 150 ரூபாய்தான் பொருள்களைச் சட்டைப்பைக்குள்ளும் பைகளை மரத்தடிக்கும் அனுப்புகிறது.

ஆனால் பூங்காக்காரர் திருந்தும்வரை நாம் என்ன செய்வது? இங்கேதான் எனக்கு என் வகுப்புத் தோழர்களோடு வழக்கு. "உன்னை நம்பித்தானே கொடுத்தோம்" என்கிறார்கள். உண்மைதான், நம்பினார்கள். எப்போதும் நம்பப்படுகிறவள் எப்போதும் மரத்தடியில் இருக்கிறாள். வீட்டுக்கு வீடு இதுதான். பொருட்காட்சிக்குப் போனால் அம்மா. கடற்கரைக்குப் போனால் அத்தை. அலையில் கால் நனைக்காமலே கடற்கரையிலிருந்து திரும்பிய பெண்கள் எங்கள் தெருவில் எத்தனையோ பேர். 'அவளுக்குத் தலைசுற்றும்', 'அவளுக்குப் பிடிக்காது' என்று அவர்கள் சார்பில் வேறு யாரோ சொல்லிவிடுகிறார்கள். யாரும் அவர்களைக் கேட்டதில்லை. எங்கள் அம்மாவிடம் நான் கேட்டேன், திரும்பி வந்த மறுநாள். பதினாறு வயதில் ஊர்த் திருவிழாவில் தொட்டில் இராட்டினத்தில் ஏறியதுதான் கடைசி என்றாள். "நல்லா இருந்துச்சுடி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஆகவே நான் துறையில் கேட்டிருப்பது மிகச் சிறியது. பைக் காவலுக்கு முறை போட வேண்டும். அரை மணிக்கு இரண்டு பேர், ஆண் பெண் பேதமின்றி. மாணவத் தலைவர் முதல் முறையில் இருக்க வேண்டும். சுற்றுலாச் சுற்றறிக்கையில் உணவு, உடை பற்றி எழுதுவதுபோல் இதையும் ஒரு வரி எழுத வேண்டும்: தங்கம் வேண்டாம், கவரிங் நகையும் வேண்டாம், வீட்டின் ஒரே செல்போன் வேண்டவே வேண்டாம். படம் எடுக்க 42 பேருக்கு நான்கு கருவிகள் போதும். கண்ணாடி இல்லாமல் கண் தெரியாதவர்கள் பின்பக்கம் கட்டும் நாடாவை வாங்கிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு லாக்கர் எடுத்தால் தலைக்கு இருபது ரூபாய்கூட ஆகாது. இது எங்களுக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, ஏனெனில் நான் இலவசமாகக் கிடைத்தேன்.

இதற்கு ஒரு பேராசிரியர், "இந்தப் பூங்காவே வேண்டாம், கங்கைகொண்ட சோழபுரம் போகலாம், அங்கே எதுவும் கீழே விழாது" என்றார். ஐயா அவர்களிடம் பணிவோடு கருத்து வேறுபடுகிறேன். எங்களில் பலருக்கு வாழ்க்கையில் அப்படிக் கூவிக் கைகளை உயர்த்திய நாள் அது ஒன்றுதான். அதைப் பறிக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை.

அந்தத் தோழன் இப்போது எங்களோடுதான் படிக்கிறான். நொறுங்கிய கண்ணாடியை மாற்ற 1800 ரூபாய் ஆயிற்று, வகுப்பில் திரட்டினோம். இந்த ஆண்டுச் சுற்றுலாவுக்கான அறிவிப்பு சென்ற வாரம் பலகையில் ஒட்டப்பட்டது. அதன் கீழே காவல் முறைப் பட்டியலையும் ஒட்டினேன். முதல் அரை மணிக்கு அவன் தன் பெயரைத் தானே எழுதினான்.

பேராசிரியை அம்மா அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்கள். "சுடிதார்ல வந்தா என்னை ஏத்துவாங்களா?" என்று மெல்லக் கேட்டார்கள். ஏற்றுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன். துப்பட்டாவை மட்டும் என்னிடம் கொடுத்துவிட வேண்டும்.